பட்டறைப் பக்கம்: உப்பு தின்ற அம்பாசடர்

கேள்வி: என் தாத்தாவின் 1971 மாடல் அம்பாசடர், மார்க் 2, பதினெட்டு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. அதே கொட்டகையில் ஒரு காலத்தில் உப்புத் தோல் அடுக்கி வைத்திருந்தார்களாம். பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை போகிறது. அடியில் கை வைத்தால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. முதலில் என்ஜினை ஓட்டிப் பார்க்கலாமா? வீட்டிலேயே எவ்வளவு வேலை செய்யலாம்?
- வாசகி, ஆம்பூர்

பதில்: என்ஜினைத் தொடாதீர்கள் அம்மா. ஓடிவிட்டால் தெருமுனை வரை போய்வரத் தோன்றும். அப்படிப் போய்ச் சாக்கடையில் இறக்கியவன் நான்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான சொல் ‘உப்புத் தோல்’. அழுகாமல் இருக்கப் போட்ட உப்பு, தோல் போன பிறகும் தரையிலேயே கிடந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அதன்மேல் நிற்கும் இரும்பு ஒரு சொட்டு மழை படாமலே துருப்பிடிக்கும். வேலூர் வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த வண்டியைவிடத் தோல் மண்டி நிழலில் நின்ற வண்டி மோசமாக இருப்பதை என் பட்டறையில் பலமுறை பார்த்திருக்கிறேன். வண்டியை முதலில் அங்கிருந்து வெளியே தள்ளுங்கள். சக்கரம் சுற்றாவிட்டால், பிரேக் ஷூ தான் உரசி நிறுத்தும் வட்டப் பெட்டியான ட்ரம்மோடு ஒட்டியிருக்கும். கயிறு கட்டி இழுக்காமல், ட்ரம்மைச் சுற்றி மரச்சுத்தியால் தட்டுங்கள்.

தூக்கி நிறுத்தச் செங்கல் வேண்டவே வேண்டாம். அது சொல்லாமல் உடையும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். நிறுத்துவதற்கு இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். அம்பாசடருக்கு லாரி போலத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியும்தான் அதன் எலும்பு. ஸ்டாண்டு வைக்கும் இடத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே வைக்கக் கூடாது. அது வெல்டருக்கான இடம். வெல்டிங்குக்கு முன் நான்கு கதவும் ஒழுங்காகச் சாத்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி தொங்கிய நிலையில் வெல்டு வைத்தால், பிறகு கதவு ஆயுசுக்கும் சாத்தாது.

அடிப்பக்கத்துக்கு முதல் மருந்து தண்ணீர். துருவுக்குள் ஒளிந்திருக்கும் உப்பு போகாமல் எதைப் பூசினாலும் ஆறு மாதத்தில் கொப்புளம் வரும். உங்கள் ஊர்ப் பக்கம் பாலாற்றோரக் கிணறு பலவற்றில் தண்ணீரே உப்பு. குடிக்கிற தண்ணீரிலோ மழைநீரிலோ மூன்று நாலு தடவை கழுவி, ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் கம்பி பிரஷ். கடைசியாகப் போகாமல் நிற்கிற துருவுக்குத்தான் ரஸ்ட் கன்வெர்ட்டர்.

இந்தக் கன்வெர்ட்டர் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். உங்கள் ஊருக்கு அது புதிதல்ல. கடுக்காயிலும் ஆவாரம் பட்டையிலும் தோலைப் பதப்படுத்துவது அதே டானின்தான். இரும்பு பட்டால் கடுக்காய்த் தண்ணீர் மைபோலக் கறுக்கும். துருவும் அப்படித்தான் கறுத்துக் கெட்டிப்படுகிறது. நான் ஒருமுறை கடுக்காயைக் காய்ச்சியே பூசிப் பார்த்தேன். கறுத்ததென்னவோ கறுத்தது, மேலே பெயிண்ட் பிடிக்கவில்லை. கடையில் வாங்குங்கள். அதன்மேல் ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கை, பிறகு பெயிண்ட். கறுப்புத் தார்ப்பூச்சு எனக்குப் பிடிக்காது. என் சொந்த வண்டிக்கு ஒரு பட்டறையில் சேறோடு சேர்த்துத் தாரைப் பூசிக் கொடுத்தார்கள். பளபளவென்றுதான் இருந்தது. இரண்டாம் வருடம் பின்சீட்டில் உட்கார்ந்த என் மாமியாரின் கால் தரையைத் தாண்டிப் போனது.

இனி பிரேக். ட்ரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூளை ஊதாதீர்கள். ஷூவின் மேல் இருக்கும் உரசும் பட்டைதான் லைனிங். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டு இருக்கும். பிஸ்டனை எடுத்து உள்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் ரப்பர் மட்டும் மாற்றினால் போதும். குழி விழுந்திருந்தால் புது ரப்பரும் ஒழுகும். புது சிலிண்டர் வாங்குங்கள், அல்லது லேத்தில் கொடுத்து உள்ளே ஸ்லீவ் என்ற புதுக் குழல் போடுங்கள். பதினெட்டு வருடம் நின்ற வண்டியில் பெரும்பாலும் குழிதான். பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள், ஊதிப்போய் அடைத்துக்கொள்ளும். பிரேக் ஆயிலிலேயே கழுவலாம்.

ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். இரும்புக் குழாயில் துரு இருந்தால் அதையும்தான். குழாயின் முனையை விரித்து ஃபிளேர் செய்வது, லைனிங் ரிவெட் அடிப்பது, ட்ரம் கடைவது மூன்றும் வெளியே கொடுக்க வேண்டிய வேலை. பிரேக்கில் மற்றதெல்லாம் வீட்டு வாசலில் நடக்கும்.

பிரேக் ஆயில் விஷயத்தில் மட்டும் என்னிடம் சமாதானம் கிடையாது. 1986-ல் ஏலகிரியிலிருந்து நண்பரின் ஃபியட்டில் இறங்கினேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவு. பிரேக்கிலேயே கால் வைத்து வந்தேன். பாதி வழியில் பெடல் சட்டென்று தரையைத் தொட்டது. ஹேண்ட் பிரேக், ஃபர்ஸ்ட் கியர், மலைப்பக்க மண் திட்டு, இந்த மூன்றும் காப்பாற்றின. அரை மணி நேரம் ஆறியதும் பெடல் பழையபடி நின்றது. வருடக்கணக்கில் மாற்றாத ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது. ஈரம் குடித்ததற்கு வரையறை 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை மிதித்தால் என்ன பிடிக்கும்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பெயிண்டை உரித்துவிடும்.

கேள்வி: 1968 மாடல் வண்டிக்கு டிஸ்க் பிரேக் மாற்றலாமா?
- வாசகர், ஆரணி

பதில்: விண்டேஜ் பதிவு வேண்டுமென்றால் கை வைக்காதீர்கள். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, ஐம்பது வருடம் தாண்டிய வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருந்தால்தான் ‘விஏ’ எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். அந்த எண்ணோடு தினசரி ஓட்டக் கூடாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகக் கடைந்த ட்ரம்மும் சரியாக உட்கார்ந்த லைனிங்கும் அந்த வண்டியின் வேகத்துக்குப் போதும்.

கேள்வி: பிரேக் குழாயிலிருந்து மூன்று தடவை காற்று எடுத்தும் பெடல் மெத்தை மாதிரி இருக்கிறது. பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் புதுசு.
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: ஷூவை அட்ஜஸ்ட் செய்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஷூ ட்ரம்மிலிருந்து விலகி நின்றால், முழுக் காற்றை எடுத்தாலும் பெடல் கீழேதான் போகும். ட்ரம் பூட்டிக்கொள்ளும் வரை இறுக்கி, சக்கரம் தாராளமாகச் சுற்றும் வரை ஒவ்வொரு சொடுக்காகத் தளர்த்துங்கள். அதன்பிறகு காற்று எடுங்கள்: பின்இடது, பின்வலது, முன்இடது, முன்வலது. பெடலை மிதிக்கிறவர் மெதுவாக மிதிக்கட்டும். வேகமாக அடித்தால் ஆயிலில் நுரைதான் வரும். உங்கள் பையனை மிதிக்கச் சொல்லாதீர்கள், போன் பார்த்துக்கொண்டே மிதிப்பான்.