கார்பன் ஃபைபர் பேனலுக்கு பிளக் செய்வது எப்படி?

வீட்டிலேயே காருக்குக் கார்பன் ஃபைபர் பானெட் (எஞ்சின் மூடி) செய்ய, அச்சு எடுப்பதற்கான பிளக்கை, அதாவது பானெட்டின் வடிவிலான மாதிரியை, எதில், எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பாலியூரித்தேன் ஃபோம் அல்லது எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நல்லது. தெர்மோகோல் வேண்டாம்; அச்சு எடுக்கப் பூசும் பாலியஸ்டர் ரெசின் பட்டால் கரைந்துவிடும்.

உண்மையான உழைப்பு மேற்பரப்பில்தான். பிளக்கில் இருக்கும் சின்னக் கீறல்கூட அச்சுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு பேனலிலும் வந்து நிற்கும். பட்டி பூசி, நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் குழி விழும். பிரைமர் மேல் கறுப்பு ஸ்பிரேயை லேசாகத் தூவித் தேய்த்தால், பள்ளமான இடத்தில் மட்டும் கறுப்பு தங்கும். அங்கே மறுபடி பட்டி. அப்புறம் 1000, 1500 எண் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மெழுகைப் பல பூச்சு கொடுங்கள்.

பக்கச் சுவர்களுக்கு 2, 3 டிகிரி சரிவு கட்டாயம் வையுங்கள். செங்குத்தாக விட்டால் அச்சைக் கழற்றுவது பெரும்பாடு.