ரப்பர் பாலும் மோல் கணக்கும்: கேள்வி பதில்

குலசேகரம், பிளஸ் ஒன் மாணவி: சார், மோல் கணக்கு எதற்கு? எடை போட்டால் போதாதா?

போதாது மக்களே. உங்கள் ஊர் ரப்பர் பாலையே எடுத்துக்கொள்வோம். அதில் மிதக்கும் துகள்களுக்கு எதிர்மின்சுமை உண்டு. ஒன்றையொன்று தள்ளுவதால் ஒட்டுவதில்லை. ஃபார்மிக் ஆசிட் விட்டால் அதிலிருந்து பிரியும், நேர்மின்சுமை கொண்ட ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சுமையை ஈடுகட்டும், பால் உறையும். ஆனால் முன்கூட்டியே உறையாமலிருக்க அமோனியா விட்டிருந்தால், ஆசிட் முதலில் அதற்குத்தான் செலவாகும். ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு. ஒரு மோல், அதாவது 6.022 × 10²³ மூலக்கூறுகள், அமோனியாவில் 17 கிராம், ஃபார்மிக்கில் 46 கிராம். ஆகவே 17 கிராம் அமோனியாவுக்கே 46 கிராம் ஆசிட் போய்விடும். எடைக்கு எடை ஊற்றினால் பால் அப்படியே கிடக்கும்.

நீர்க்கவைக்கும்போது ஆசிட்டைத்தான் தண்ணீரில் விட வேண்டும். தண்ணீரை ஆசிட்டில் விடவே கூடாது.

அருமனை, தோட்டக்காரர்: ஃபார்மிக்குக்குப் பதில் சல்ஃபூரிக் ஆசிட் விட்டால், அது இரண்டு ஹைட்ரஜன் அயனி தருமே. பாதி எடை போதும்தானே?

மூலக்கூறுக்கு இரண்டு, சரி. அதன் மோல் நிறை 98 ஆயிற்றே! ஒரு மோல் அயனிக்கு 49 கிராம், ஃபார்மிக்கில் 46. பாதி எங்கே வந்தது?

மறுபடியும் அருமனை: ஃபார்மிக் வலிமை குறைந்த அமிலம், முழுதும் அயனியாகாது என்று பையனின் புத்தகம் சொல்கிறதே?

அருமையான கேள்வி. தண்ணீரில் தனியே இருந்தால் கொஞ்சம்தான் பிரியும். அமோனியா இருந்தால், பிரிந்த அயனியை அது எடுத்துக்கொள்ள, அடுத்தது பிரியும். அமோனியா தீரும்வரை இப்படியே நடக்கும். அதனால் அந்தக் கணக்கில் வலிமை பார்க்க வேண்டாம், மோல் பார்த்தால் போதும். அதோடு, சல்ஃபூரிக் மிச்சம், உறைந்த பாலிலிருந்து செய்யும் ரப்பர் ஷீட்டில் தங்கினால் ரப்பரே கெடும். நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் ஷீட்டின் தரத்தை இழக்காதீர்கள். சல்ஃபூரிக்கில் தண்ணீர் விட்டால் கொதித்து முகத்தில் தெறிக்கும், மறக்க வேண்டாம்.

களியக்காவிளை: ஒரு மோல் எத்தனை கிராம்?

எதன் மோல்? பொருளைச் சொல்லாமல் விடை கிடையாது. முதல் பதிலைப் படியுங்கள்.

மார்த்தாண்டம்: மோல் என்றால் என்ன சார்?

மேலே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

மணவாளக்குறிச்சி: நம் கடல் மணலில் தோரியம் அணுவாக இருக்கிறதா, அயனியாகவா? உடம்புக்குக் கெடுதலா?

அந்த மணலில் தோரியம் இருப்பது மோனசைட் என்ற பாஸ்பேட் கனிமத்தில். அதில் தோரியம் அயனிதான்: 90 புரோட்டான், 86 எலக்ட்ரான், நான்கு நேர்மின்சுமை. உடம்பு விஷயத்தை டாக்டரிடம் கேளுங்கள்.

கொல்லங்கோடு: கையில் ஆசிட் பட்டால் அமோனியா ஊற்றலாமா?

கூடவே கூடாது. அதுவும் தோலை அரிக்கும். உடனே குழாயடியில் 20 நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.