முதல் அடியில் வெடிக்காத தோட்டா

கேள்வி: ஐயா, டெக்சாசில் வேலை பார்க்கும் என் மகனுக்கு இலக்குச் சுடும் பழக்கம் உண்டு. சுட்டு முடித்த 9 மி.மீ. பித்தளைக் கூடுகளில் மருந்துக்குத் தீமூட்டும் புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா செய்துகொள்கிறான். அண்மையில் சில தோட்டாக்கள் முதல் அடியில் வெடிக்காமல், மறுபடி அடித்தால் வெடிக்கின்றன. வேறு சில கூடுகளில் பிரைமர் உள்ளே இறங்கவே மறுக்கிறதாம். பிரைமர் கம்பெனியை மாற்றியும் பயனில்லை. காரணம் என்ன? பிரைமர் துருத்தி நிற்கும் தோட்டாக்களை மறுபடி அழுத்தலாமா? பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி என்னிடம் இருப்பதால், விடுமுறைக்கு வரும்போது தோட்டா செய்யும் அந்தக் கருவியை இங்கே கொண்டுவரச் சொல்லலாமா?
— வாசகர், கடையம்

பதில்: தோட்டா வெடிக்கவில்லை என்றதும் மருந்து நமத்துப்போயிருக்கும் என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். ஆனால் நமத்த தோட்டா இரண்டாம் அடியிலும் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். முதல் அடியில் மறுத்து இரண்டாம் அடியில் வெடிப்பது, பிரைமர் கூட்டின் அடிப்பகுதியிலுள்ள தன் குழியின் அடிவரை இறங்கி உட்காரவில்லை என்பதற்கே பெரும்பாலும் அடையாளம்.

பிரைமர் என்பது ஏறத்தாழ 4.45 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உலோகக் கிண்ணம். அதனுள்ளே அடிபட்டால் தீப்பற்றும் மருந்தும், அதன்மேல் கால்கள் கொண்ட சிறு பட்டடையும் இருக்கின்றன. அந்தக் கால்கள் குழியின் அடியில் ஊன்றி நின்றால்தான், துப்பாக்கி ஊசி அடிக்கும்போது கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் நடுவே மருந்து நசுங்கித் தீப்பிடிக்கும். கால்கள் ஊன்றாமல் நின்றால் முதல் அடியின் வேகம் பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. அந்த அடியே அதை ஊன்ற வைத்துவிடுவதால் இரண்டாம் அடி பலிக்கிறது. கம்பெனியை மாற்றியும் பயனில்லாததில் வியப்பில்லை.

சில கூடுகள் மட்டும் மறுக்கின்றன என்று எழுதியிருப்பதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி. அவற்றின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும் எழுத்துகளை மகன் பார்க்கட்டும். வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் அது நேட்டோ படைகளுக்காகச் செய்த தோட்டாவின் கூடு. படைத் தோட்டாக்களில் பிரைமர் கழன்றுவிடாதபடி குழியின் விளிம்பை உள்நோக்கி நெரித்துவிடுவது வழக்கம். பழைய பிரைமரை வெளியேற்றிய பிறகும் அந்த நெரிப்பு வளையமாக எஞ்சி நின்று புதியதை வழிமறிக்கும். அதை அமுக்கி விரிக்கவோ சீவி எடுக்கவோ தனிக் கருவிகள் உண்டு. ஒரு கூட்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். அளவுக்கு மீறிச் சீவினால் பிரைமர் தளர்ந்து கழலும் என்பதால் நான் அமுக்கும் கருவியையே பரிந்துரைப்பேன்.

எல்லாக் கூடுகளிலும் ஒரே தொல்லை என்றால், பிரைமரைக் கூட்டில் அழுத்தும் கருவியான பிரஸ்ஸைச் சந்தேகிக்க வேண்டும். பிரைமரை ஏந்தித் தள்ளும் தண்டில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். கூட்டைப் பிடிக்கும் தாங்கி சாய்ந்திருக்கலாம். மேசையே ஆடுவதால் கைப்பிடியின் அழுத்தம் முழுவதும் போய்ச் சேராமலும் இருக்கலாம். குழியில் படியும் கரியும் காரணமாவது உண்டு, ஆனால் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் அது சிறு காரணமே. உங்கள் மகன் .45 தோட்டாவும் செய்பவரானால், அந்தக் கூடுகள் பெரிய குழி, சிறிய குழி என இரு வகையாகவும் வருவதால் கலந்துவிடாமல் பிரித்துவைக்க வேண்டும்.

சரியாக உட்கார்ந்த பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு 0.08 முதல் 0.13 மி.மீ. வரை உள்ளே இருக்கும். மருந்து இடுவதற்கு முன்பே ஒவ்வொரு கூட்டையும் விரலால் தடவிப் பார்ப்பதும், சமதளத்தில் நிறுத்தி ஆடுகிறதா என்று பார்ப்பதும் போதுமான சோதனைகள். இவற்றில் எல்லாம் தேறிய பிறகும் அடி தவறினால் குறை தோட்டாவில் இல்லை; விசை இலகுவாக வேண்டும் என்பதற்காகத் துப்பாக்கியின் சுருள்வில்லை மெலியதாக மாற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள்.

மருந்தும் குண்டும் ஏறிவிட்ட தோட்டாவின் பிரைமரை எக்காரணத்தாலும் மறுபடி அழுத்தக் கூடாது. அழுத்தத்தில் அது வெடித்தால் குண்டும் பித்தளைத் துணுக்கும் கையையும் கண்ணையும் தேடி வரும். அவற்றைத் தனியே ஒதுக்கி, குண்டை இறுகப் பிடித்து மெல்ல உருவும் கருவியால் பிரித்துவிட வேண்டும். வெறும் கூட்டில் பிரைமர் வைக்கும்போதும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். பிரைமர்களை அவை வந்த பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும், ஏனெனில் சீசாவில் மொத்தமாகக் கொட்டிவைத்தால் ஒன்று வெடிக்கையில் மற்றவையும் சேர்ந்து வெடிக்கும்.

கருவியைக் கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் எந்திரத்தையும் 'தோட்டா' என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. தோட்டா தயாரிப்பதற்கு அச்சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பதற்கு நீங்கள் பெற்ற உரிமம் அதற்கு ஈடாகாது. பிரைமர்களைப் பயணப் பெட்டியில் வைத்து விமானத்தில் எடுத்துவரவும் அனுமதியில்லை. போதாக்குறைக்கு, 9 மி.மீ. தோட்டாவுக்கென அமைத்த அச்சுகள் உங்கள் இரட்டைக்குழல் துப்பாக்கியின் தோட்டாவுக்குப் பொருந்தவும் மாட்டா. உங்களுக்குத் தேவையானதை உரிமத்தில் குறித்த அளவுக்குள் உரிமம் பெற்ற கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.