பெரிதாகக் கேட்கலாமா?

அன்பின் அக்கா,

நான் திருகோணமலையில் இருக்கிறேன். போர்க்காலத்தில் என் அண்ணா காணாமல் ஆக்கப்பட்டார். "பிள்ளையை உயிரோடு கொண்டுவந்து தாரும் ஆண்டவரே" என்றுதான் அம்மா நெடுகச் செபித்து வந்தார். போன மாதம் செபக்கூட்டத்தில் ஒருவர், "இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இப்படிக் கேட்பது கடவுளைச் சோதிப்பது, இனி மன அமைதிக்காக மட்டும் செபியுங்கோ" என்றார். அம்மா அதற்குப் பிறகு அண்ணாவின் பெயரைச் சொல்லிச் செபிப்பதே இல்லை. அவர் கேட்டது பிழையா?

ஒரு வாசகி

அன்பின் தங்கச்சி,

பிழையே இல்லை. முதலில் இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

"ஆண்டவர் நம் நடுவில் இருக்கிறாரா, இல்லையா?" என்று பாலைநிலத்தில் இஸ்ரயேலர் கேட்டதைத்தான் விவிலியத்தின் விடுதலைப் பயண நூல் கடவுளைச் சோதிப்பது என்கிறது. அவர் இருக்கிறார், அவரால் முடியும் என்று நம்பியல்லவா அம்மா கேட்டார்?

லூக்கா 18ஆம் அதிகாரத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஒரு நடுவரிடம் ஒரு கைம்பெண் திரும்பத் திரும்பப் போகிறாள். அவள் கேட்டது நீதி. ஆறுதல் வார்த்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற பெண் இல்லை அவள். மனந்தளராமல் செபிக்க வேண்டும் என்பதற்காகவே இயேசு சொன்ன உவமை அது. 2017இல் நம் ஊரிலும் பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் வீதியோரம் இருந்தார்களே, எனக்கு அப்போது இவள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். அதிகாரிகளிடம் "என் பிள்ளை எங்கே?" என்று கேட்கிற தாய், கடவுளிடம் மட்டும் ஏன் குறைத்துக் கேட்க வேண்டும்?

ஆபிரகாமும், கடவுள் அழிக்கவிருந்த சோதோம் நகருக்காக 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரைக்கும் பேரம் பேசினார். கடவுள் ஒரு தடவைகூடக் கோபிக்கவில்லை.

சரி, "உம் சித்தப்படி ஆகட்டும்" என்று சொல்ல வேண்டாமா? சொல்லலாம். ஆனால் சிலுவைச் சாவுக்கு முந்திய இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசு அதைச் சொல்வதற்கு முன், இந்தத் துன்பக் கிண்ணத்தை அகற்றும் என்று வாய் திறந்து கேட்டார். நாங்கள் அந்த முதல் பாதியை விட்டுவிட்டு நேரே இரண்டாம் பாதிக்குப் போய்விடுகிறோம், கேட்டுக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில்.

இயேசு கேட்டபடி அந்தக் கிண்ணம் அகலவில்லை. அதனால் அண்ணா வருவார் என்று நான் உங்களுக்கு வாக்குத் தரமாட்டேன். தந்தால் அது பொய். ஆனால் நெஞ்சில் கிடக்கிற ஆகப் பெரிய விஷயத்தை ஒளித்து வைத்துவிட்டு, பேரப்பிள்ளையின் பரீட்சைக்கும் மூட்டு வலிக்கும் மட்டும் அம்மா செபித்தால், அந்தச் செபத்தில் அம்மா எங்கே இருக்கிறார்? அழட்டும், கோபப்படட்டும், ஏன் இன்னும் தரவில்லை என்று கேட்கட்டும். திருப்பாடல்களில் பல அப்படித்தானே இருக்கின்றன.

இன்று இரவு செபமாலை சொல்லும்போது நீங்களே அண்ணாவின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். செபக்கூட்டத்திலும் சொல்லுங்கள், அந்த மனிதரையும் சேர்ந்து கேட்கச் சொல்லுங்கள். பெயரை எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள், நானும் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா