மழலையர் ஆசிரியர் பயிற்சியில் சேரும் முன் இரண்டு காலை வேளைகள் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்

"குழந்தைகள் என்றால் எனக்கு உயிர். மழலையர் ஆசிரியர் பயிற்சியில் சேரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சேரலாம். ஆனால் அந்த முதல் வாக்கியத்தை மட்டும் நம்பிச் சேராதீர்கள். குழந்தைகளைப் பிடிக்காதவரால் இந்த வேலையில் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. பிடித்தவர்களும் களைத்துப்போய் விலகுவது உண்டு. குழந்தைகளைக் கொஞ்சலாம் என்று வந்தவர்களுக்கு நாள் முழுக்கக் கவனித்து, குறித்து, வாயை அடக்கிக் காத்திருக்கிற வேலை கிடைத்தால் சீக்கிரம் அலுப்புத் தட்டிவிடும்.

"பிள்ளைகளோடு விளையாட ஒரு படிப்பா?" என்று அப்பா கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அவருக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962-இல் பெர்ரி பாலர் பள்ளித் திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களின் 123 குழந்தைகளை இரு பிரிவாக்கி 58 பேருக்கு மட்டும் வகுப்பு நடத்தினார்கள். தினமும் இரண்டரை மணி நேரம், ஓர் ஆசிரியருக்கு ஐந்தாறு குழந்தைகள், வாரம் ஒருமுறை ஆசிரியரே வீட்டுக்குப் போய்ப் பேசுவார். 40 வயதில் விசாரித்தபோது அந்த 58 பேர் பிரிவில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம், வருமானம் அதிகம், கைதானவர்கள் குறைவு. இன்னொன்று டென்னசி மாநிலத்தின் அரசு முன்பருவ வகுப்புகளைப் பற்றியது. 2,990 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, குலுக்கலில் இடம் கிடைத்தவர்களின் மதிப்பெண் கிடைக்காதவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஏன் அப்படி என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. இரண்டுமே முன்பருவக் கல்விதான், பலன் மட்டும் எதிரெதிர். வகுப்புக்குள் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதிலும் விஷயம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் படிப்பு.

ஆகவே விண்ணப்பம் போடும் முன் அனுமதி வாங்கி இரண்டு காலை வேளைகள், முடிந்தால் இரண்டு வெவ்வேறு பள்ளிகளில், ஓரமாக உட்காருங்கள். பிள்ளைகள் உள்ளே வரும் நேரத்திலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம். செல்போனை வெளியே வைத்துவிடுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் அலங்காரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பெரியவர்களுக்காக ஒட்டியது.

முதலில் அறை. கதவிலிருந்து எதிர்ச்சுவர் வரை நேராக ஒரு காலிப் பாதை இருந்தால் குழந்தைகள் ஓடத்தான் செய்வார்கள். அங்கே "ஓடாதே" என்று நாள் முழுக்கக் கத்துவதைவிட ஓர் அலமாரியைக் குறுக்கே நகர்த்துவது மேல். கட்டைகள் அடுக்கும் மூலை புத்தக மூலைக்குப் பக்கத்தில் இருந்தால் புத்தகம் தொடப்படாமலே கிடக்கும். இரண்டு வயது வகுப்பில் ஒரே பொம்மையில் இரண்டு மூன்று இருக்க வேண்டும். அந்த வயதில் விட்டுக்கொடுப்பது இன்னும் வரவில்லை, ஒரே ஒரு கார் வைத்துவிட்டுப் பகிரச் சொன்னால் சண்டைதான். எண்ணிக்கையையும் பாருங்கள். நான்கு வயதுக்கு ஓர் ஆசிரியருக்கு 10 பேர், ஒரு குழுவுக்கு 20 பேர் என்பதுதான் சிறார் கல்விக்கான அமெரிக்கத் தேசியச் சங்கம் சொல்லும் உச்சவரம்பு.

அடுத்து, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம். பாடம் நடக்கும்போது வகுப்பு கலைவதைவிட இந்த இடைவெளியில் கலைவதுதான் அதிகம். ஒரே குழாய் முன் 20 பேரை வரிசையில் நிறுத்தினால் மூன்றாவது நிமிடத்தில் தள்ளுமுள்ளு ஆரம்பம். பழகிய ஆசிரியர் ஐந்து நிமிடம் முன்பே "இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்து வைக்கப்போறோம்" என்று சொல்வார், இரண்டு நிமிடம் இருக்கும்போது இன்னொரு தடவை. பிறகு நான்கு நான்கு பேராக அனுப்புவார், மீதிப் பேர் பாட்டிலோ விடுகதையிலோ இருப்பார்கள். கடிகாரத்தைப் பாருங்கள். சும்மா காத்திருந்த நிமிடங்களை மட்டும் கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். சில வகுப்புகளில் அந்தக் கூட்டுத்தொகை கதைநேரத்தைவிடப் பெரிதாக இருக்கும். எல்லோரும் வட்டமாக உட்காரும் சர்க்கிள் டைமும் அப்படியே. மூன்று வயதுக்கு ஐந்திலிருந்து பத்து நிமிடம், ஐந்து வயதுக்குப் பதினைந்து. அதைத் தாண்டினால் நெளிவார்கள், நெளிபவர்களை அதட்டுவதிலேயே மீதி நேரம் போகும்.

அதிகம் கவனிக்க வேண்டியது பேச்சு. "இது என்ன நிறம்?" "சிவப்பு." "வெரி குட்." அங்கேயே உரையாடல் செத்துவிட்டது. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நான்கு வயதுக்கு இன்னும் கூடுதலாகவே தேவை. அந்த மௌனத்தைத் தாங்குவது புதியவர்களுக்குப் பெரும்பாடு. மனசுக்குள் ஐந்து வரை எண்ணிப் பழகுங்கள், இப்போதே, வீட்டில் இருக்கும் யாரிடமாவது.

படப்புத்தகம் வாசிப்பதை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். 1988-இல் வைட்ஹர்ஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்த முறை இன்றும் பயிற்சிகளில் சொல்லித்தரப்படுகிறது. பெரியவர் படிக்க, குழந்தை கேட்பது என்பதை மாற்றி, குழந்தையைக் கதைசொல்லி ஆக்குவது அதன் அடிப்படை. படத்தில் மழையில் ஒரு நாய் நிற்கிறது.

"இங்க என்ன நடக்குது?"
"நாய்... தண்ணி."
"ஆமா, நாய் மழைத் தண்ணியில நனைஞ்சு நிக்குது. ஏன் உள்ள போகல?"
"கதவு."
"கதவு மூடியிருக்கு, அதனால உள்ள போக முடியல. நீ சொல்லு பாப்போம், நாய் ஏன் உள்ள போகல?"

கேட்டது, ஒத்துக்கொண்டது, ஒன்றிரண்டு சொல் சேர்த்து நீட்டியது, திரும்பச் சொல்லவைத்தது. நான்கு படி, அவ்வளவுதான். "தப்பு, இப்படிச் சொல்லு" என்ற திருத்தம் எங்கேயும் இல்லை. இது கெட்டுப்போவது இரண்டு விதத்தில். பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டால் கதை செத்துவிடும், முதல் வாசிப்பில் கதையை ஓடவிட்டு, இரண்டாவது மூன்றாவது முறைதான் நிறுத்திக் கேட்க வேண்டும். இருபது பேரை உட்காரவைத்துச் செய்தால் வாயாடிகள் இரண்டு பேர்தான் பதில் சொல்வார்கள். நான்கைந்து பேர் போதும்.

கணக்கிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. இருபது வரை கடகடவென ஒப்பிக்கும் குழந்தையின் முன் ஏழு பொத்தான்களை வையுங்கள். சரியாக எண்ணி முடிப்பாள். "அப்ப மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பிப்பாள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. உளவியலாளர்கள் கெல்மனும் காலிஸ்டலும் 1978-இல் பிரித்துக் காட்டிய ஐந்து எண்ணல் விதிகளில் இதுவும் ஒன்று. இது தெரியாத ஆசிரியர் அடுத்த வாரம் ஐம்பது வரை ஒப்பிக்கவைப்பார், பெற்றோரும் மகிழ்வார்கள். தெரிந்தவர் மூன்று நான்கு என்று சின்ன எண்ணுக்குத் திரும்புவார். "இந்தக் குவியல்லேர்ந்து எனக்கு நாலு குடு" என்பார். எடுத்துக்கொடுப்பது எண்ணுவதைவிடக் கடினம். எண் புரிந்ததா என்பது அங்கேதான் தெரியும்.

எழுத்து விஷயத்தில் பெற்றோரின் அவசரம் உங்களையும் பிடித்துத் தள்ளும். விரல் பலம் வருமுன் மெல்லிய பென்சிலைக் கொடுத்தால் முஷ்டியால் இறுக்கிப் பிடிப்பார்கள், அது பழகிவிட்டால் மாற்றுவது பாடு. களிமண் உருட்டுவது, காகிதம் கிழிப்பது, துணி கிளிப் மாட்டுவது முதலில் வரட்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு உடைத்த கிரேயான் கொடுங்கள். அவ்வளவு சிறியதை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனிகள் தாமாகவே வேலைக்கு வரும்.

ஓரமாக உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பயிற்சி செய்யுங்கள். ஒரே ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் பார்த்து எழுதுங்கள். "அடம்பிடிக்கிறான்" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. "10.15: மற்றவன் எடுத்த கட்டையை இழுத்தான், கிடைக்கவில்லை, தரையில் உட்கார்ந்து அழுதான், ஆசிரியர் வேறு கட்டை கொடுத்ததும் அடுக்கத் தொடங்கினான்" என்பதுதான் குறிப்பு. இரண்டாவது மாதிரி எழுத உங்களுக்குப் பிடிக்கிறதா, கை வலிக்கிறதா என்று பாருங்கள். பயிற்சிக் காலத்தில் பக்கம் பக்கமாக இதுதான்.

படிப்பைத் தேர்வு செய்யும்போது சிலபஸைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியவை: வகுப்பறைப் பயிற்சி மொத்தம் எத்தனை மணி நேரம், எந்தெந்த வயதுக் குழந்தைகளோடு, நீங்கள் நடத்தும் வகுப்பை யார் வந்து பார்த்து எத்தனை முறை கருத்துச் சொல்வார். "கடைசி ஒரு மாதம் அனுப்புவோம்" என்று மழுப்பினால் தள்ளி நில்லுங்கள். மாண்டிசோரிப் பயிற்சி என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதலாம். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே 1929-இல் தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கம் போன்ற அமைப்பின் அங்கீகாரம் உண்டா, சான்றிதழ் எந்த வயதுப் பிரிவுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். 3 முதல் 6 வயதுக்கான சான்றிதழை வைத்துக்கொண்டு கைக்குழந்தைப் பிரிவில் வேலை கேட்க முடியாது.

பிறகு வேலைக்குப் போகும்போது டெமோ வகுப்பு கேட்பார்கள், பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம். பாட்டு, பொம்மலாட்டம், அட்டைகள் என்று எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். ஒரு நோக்கம் போதும். பொருள்களைத் தலைக்கு ஒன்று, கூடவே இரண்டு உபரி எடுத்துச் செல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லி முடித்த பிறகுதான் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும், கையில் வந்துவிட்டால் காது மூடிக்கொள்ளும். தூரத்திலிருந்து சத்தம் போடாமல் பக்கத்தில் போய், குனிந்து, கண் மட்டத்தில் பேசுங்கள். தொண்டைக்கும் நல்லது. "ஓடாதே" என்பதற்குப் பதில் "நடந்து வா" என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். ஒரு குழந்தை எழுந்து போய்விட்டால் பதறி எல்லோரையும் நிறுத்திவிட வேண்டாம். பார்வையில் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு தொடருங்கள். முடிந்ததும் "மறுபடி நடத்தச் சொன்னால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்கக்கூடும். "எல்லாம் நன்றாகப் போனது" என்ற பதில் எடுபடாது. எந்தக் குழந்தை எங்கே தடுமாறியது, அதற்கு எதை மாற்றுவேன் என்று சொல்லுங்கள்.

அந்த இரண்டு காலையும் பார்த்துவிட்டு, குழந்தைகள் பிடித்தார்கள், ஆனால் கூட்டம் மூச்சு முட்டியது என்று தோன்றினால் அதுவும் நல்ல செய்திதான். ஒருவர் ஒருவராகக் குழந்தைகளோடு வேலை செய்யும் பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, குழந்தைகள் மருத்துவச் செவிலியம் எல்லாம் இருக்கின்றன. பேச்சுப் பயிற்சிக்கும் செவிலியத்துக்கும் பல இடங்களில் பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. உங்கள் பாடப்பிரிவு பொருந்துகிறதா என்பதை விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.