மாங்கூழ் ஆலையின் கரும்புகை: பருவம் முடியும் முன் புகார் கொடுங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே எங்கள் ஊரில் உள்ள மாங்கூழ் ஆலை, மாம்பழப் பருவம் முழுவதும் இரவும் பகலும் ஓடுகிறது. பாய்லரின் கரி எங்கள் மல்பெரித் தோட்டத்தில் படிவதால் பட்டுப்புழுக்கள் இலையைச் சரியாகத் தின்பதில்லை. ஆலைக்குப் பின்னால் கொட்டும் தோலும் கொட்டையும் அழுகி நாறுகின்றன. எங்கள் உறவினர்களே அங்கு காய் போடுவதால், ஆலையை மூடச் சொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: மூடச் சொல்லாமலேயே புகையைக் கட்டுப்படுத்த வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. என் கவலை காலத்தைப் பற்றியது. பருவம் முடிந்து பாய்லர் அணைந்துவிட்டால் அளப்பதற்குப் புகையே இருக்காது.

1981-ஆம் ஆண்டு காற்று மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, இத்தகைய ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். புகைபோக்கி, கரியைப் பிடிக்கும் கருவி ஆகியவை பற்றிய நிபந்தனைகள் அதில்தான் விதிக்கப்படுகின்றன. அதன் நகலையும் பழைய புகை ஆய்வறிக்கைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணம் செலுத்திக் கேளுங்கள். பதில் வர 30 நாட்கள் ஆகலாம். அதற்காகப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.

புகாரை வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, பாய்லர் எரியும் நேரத்தில் 26-ஆம் பிரிவின்படி மாதிரி எடுக்குமாறு வெளிப்படையாகக் கேளுங்கள். ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து முறைப்படி எடுத்த மாதிரியின் முடிவே இச்சட்டப்படி சாட்சியமாக ஏற்கப்படும் என்பதால், தனியார் ஆய்வகத்துக்குப் பணம் செலவழிப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. செடிகளுக்கும் உடைமைக்கும் கேடு செய்யும் பொருளையும் இச்சட்டம் காற்று மாசு என்றே வரையறுக்கிறது. ஆகவே மல்பெரி இழப்பைத் தேதியிட்ட படங்களுடன், முடிந்தால் பட்டு வளர்ச்சித் துறை அலுவலரின் பார்வைக் குறிப்புடன், புகாரிலேயே சேருங்கள். குறை உறுதியானால், கருவியைப் பொருத்தவோ சரிசெய்யவோ 31ஏ பிரிவின் கீழ் வாரியம் உத்தரவிடலாம். மின்சாரத்தைத் துண்டிக்கவும் ஆலையை மூடவும் அதே பிரிவில் அதிகாரம் இருந்தாலும், நீங்கள் கேட்க வேண்டியது முதலாவதைத்தான்.

துர்நாற்றத்துக்கு வேறு வழி விரைவானது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு), ஊராரின் உடல்நலத்துக்கும் வசதிக்கும் கேடான தொல்லையை அகற்றுமாறு வருவாய்க் கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு இடலாம். பலர் சேர்ந்து கையெழுத்திட்ட மனு இங்கே வலுவானது.

வாரியம் அசையாவிட்டால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். சுற்றுச்சூழல் தகராறு குறித்த மனுவுக்கு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதமே காலவரம்பு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை கிடைக்கும். இழப்பீட்டு மனுவுக்கு 5 ஆண்டுகள் உண்டு. அடுத்த பருவம் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் முதல் வாய்ப்பை இழந்துவிடக்கூடும்; ஆதலால் கரி விழும் நாட்களை இன்றிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.