மான் பக்கத்துப் பண்ணைக்குள் ஓடிவிட்டால்

இன்று மாலை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நீங்கள் சுட்ட மான் வேலி தாண்டிப் பக்கத்துப் பண்ணைக்குள் ஓடிவிட்டது, இரவே விளக்கோடு போய்த் தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். அடிபட்ட மானே ஆனாலும், நில உரிமையாளரின் அனுமதியின்றி உள்ளே போவது அங்கே அத்துமீறல்தான்.

அதைவிட முக்கியமானது, நீங்கள் எழுதியிருக்கும் இரத்தத்தின் தன்மை. பச்சை கலந்து நாற்றமடித்தது என்கிறீர்கள். அப்படியென்றால் குண்டு குடலில் பட்டிருக்கிறது. நுரையீரலில் பட்டால் இரத்தம் நுரைத்து இளஞ்சிவப்பாக இருக்கும். அரை மணி நேரத்தில் பின்தொடரலாம். குடலடிபட்ட மானோ சற்றுத் தூரம் போய்ப் படுத்துக்கொள்ளும். உடனே துரத்தினால் எழுந்து ஓடும், தடமும் அறுந்துபோகும். எட்டு மணி நேரமாவது விடுங்கள். அந்த உயிரின் வேதனை வீணாகக்கூடாது என்றால் இந்தப் பொறுமை கட்டாயம். கடைசியாக இரத்தம் கண்ட இடத்தில் அடையாள நாடா கட்டிவிட்டு வாருங்கள்.

இரவு ரொம்ப நேரமாவதற்குள் உரிமையாளரிடம் பேசுங்கள். துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டுக் கதவைத் தட்டுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அவரையும் தேடக் கூப்பிடுங்கள். மான் கிடைத்தால் இறைச்சியில் பங்கு கொடுங்கள். மறுத்தால் வாதாடாமல் வனவிலங்குக் காவலரை அழையுங்கள்; அவராலும் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் அவர் பேசினால் சிலர் இறங்கிவருவார்கள்.

காலையில் தேடும்போதும் பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு மேலாடை அவசியம். மான் கிடைத்தால் மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்துவிடுங்கள்.